எந்தத் தெருவில் தங்குவது

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் விடுதி முகவரிக்குப் போய், ஒரு தோழி மூலமாக நேற்றுதான் கைக்கு வந்தது. அம்மாவின் முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏறவிடாதே.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் களப்பணிக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. நடவுக்கும் களையெடுக்கவும் போகும் பெண்களைப் பற்றித்தான் என் பிஎச்.டி. வந்த புதிதில் பெரிய தெருவில் வசதியான வீட்டில் அறை கிடைத்தது. யோசிக்காமல் தங்கிவிட்டேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று புரிய ஆறு வாரம் ஆனதடி. தலித் மக்கள் இருக்கும் காலனியிலிருந்து யாரைக் கூப்பிட்டாலும் கொல்லை வழியாக வந்து, நின்றுகொண்டே பதில் சொன்னார்கள். கூலி சரியாக வருகிறது, கடன் இல்லை, சண்டை இல்லை. நோட்டு நிரம்பியது, உருப்படியாக ஒன்றும் இல்லை.

நெறியாளரிடம் அழாத குறையாகச் சொன்னேன். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேயை மறுபடி படி என்றார். 1961-62இல் இதே தஞ்சை மாவட்டத்தில், ஸ்ரீபுரம் என்று பெயர் மாற்றி எழுதிய ஊரில், அவர் அக்ரகாரத்தில் தங்கித்தான் ஆய்வு செய்தார். அதனாலேயே மற்ற தெருக்காரர்களோடு அந்த அளவுக்குப் பழக முடியவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். எம்.ஏ.வில் நாம் இதைப் பரீட்சைக்காகப் படித்தோம், நினைவிருக்கிறதா? அந்தப் பத்தி இப்போதுதான் எனக்குள் இறங்கியது.

காலனியை ஒட்டி, அங்கன்வாடி ஆயா ஒருவர் வீட்டுக்கு மாறினேன். முதல் வாரம் யாரும் முகம் கொடுக்கவில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு அப்பாயி, ஈர்க்குச்சியால் கால் நகத்துச் சேற்றை எடுத்தபடியே, "மாச வருமானம் எவ்வளவுன்னு கேக்குறியே, எங்களுக்கு ஏது தாயி மாசம்?" என்றார். விரல் மடக்கி எண்ணினார். குறுவை நடவுக்குச் சில நாள், தாளடிக்குச் சில நாள். அறுப்புக்கு மெஷின் வந்தபிறகு அது போயிற்று. நடவுக்கும் இப்போது வங்காளத்து ஆட்கள் குழுவாக வருகிறார்கள். நடுவில் நூறு நாள் வேலை, மீதிக்குக் குழுக்கடன். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் ஒரு கணக்கு, தள்ளிப்போனால் வேறு கணக்கு.

அன்றிரவே கேள்வித்தாளைக் கிழித்துவிட்டு, மாதத்தை எடுத்துவிட்டு, சாகுபடிப் போகத்தை வைத்து வேறு எழுதினேன். வீணாய்ப் போன அந்த ஆறு வாரத்தையும் ஆய்வு முறை அத்தியாயத்தில் அப்படியே எழுதப்போகிறேன்.

ஒன்றுதான் உறுத்துகிறது. ஆய்வு நெறிப்படி யார் பெயரும் வரக்கூடாது, மாற்றித்தான் எழுதுவேன் என்று அப்பாயியிடம் சொன்னேன். "ஏன், நான் பொய்யா சொன்னேன்? எம் பேரயே போடு" என்றார். கடன், கூலித் தகராறு எல்லாம் சொல்லியிருக்கிறார், அச்சில் வந்தால் நாளைக்கு அவரை வேலைக்குக் கூப்பிடுவார்களா? இதை அவரிடம் எப்படிச் சொல்வது? நீயாக இருந்தால் என்ன செய்வாய், எழுது.

அன்புடன்,
செல்வி