சிலோன் ரேடியோ கேசட் வீட்ல வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

பரண்லயோ, பீரோ அடித்தட்டுலயோ, பழைய பிஸ்கட் டின்லயோ இலங்கை வானொலில இருந்து பதிஞ்ச கேசட் வச்சிருக்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், அப்பா பதிஞ்சதை என்ன பண்றதுன்னு தெரியாம அப்படியே போட்டு வச்சிருக்கிற பிள்ளைங்களுக்கும் வணக்கம். அடுத்த தடவை வீட்டை ஒதுங்க வைக்கும்போது அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அதைக் கேக்கத்தான் இவ்வளவும் எழுதுறேன்.

எனக்கு சொந்த ஊர் தூத்துக்குடி. எங்க வீட்ல எல்லாம் மெட்ராஸை விட கொழும்பு தான் தெளிவா கேக்கும், நடுவுல இருக்கிறது கடல், உப்புத் தண்ணி மேல மீடியம் வேவ் அலை அவ்வளவா தேயாம வந்து சேரும். 1952ல கேஸ்கர் டெல்லியில செய்தி ஒலிபரப்பு மந்திரியா வந்து ஆல் இந்தியா ரேடியோல சினிமா பாட்டை ஒதுக்கினப்போ இந்தியா பூரா சிலோன் பக்கம் ஸ்டேஷனைத் திருப்புச்சு, 1957ல ஆல் இந்தியா ரேடியோவே சினிமா பாட்டுக்கு விவித்பாரதின்னு தனியா ஆரம்பிச்ச பிறகும் எங்க கடற்கரை ஊர்கள்ல அந்தப் பழக்கம் போகல. பொங்கும் பூம்புனல், நேயர் விருப்பம், இசையும் கதையும், பாட்டுக்குப் பாட்டு... மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத்னு அறிவிப்பாளர் பேரைச் சொன்னாலே எங்க வயசுக்காரங்களுக்கு குரல் காதுல வந்துடும்.

அப்பாகிட்ட ஒரு தட்டையான மோனோ டேப் ரெக்கார்டர் இருந்துச்சு. மர்ஃபி ரேடியோ முன்னாடி ஒரு மணைப்பலகை போட்டு அது மேல வச்சு, கட்டை விரலை பதிவை நடுவுல நிறுத்தி வைக்கிற பாஸ் (pause) பட்டன் மேலயே வச்சுட்டு உக்காந்திருப்பார். பாட்டு முடிஞ்சு அறிவிப்பாளர் வாயைத் திறந்த உடனே அமுக்கிடுவார். "அடுத்து வரு"ன்னு பாதி வார்த்தை விழும், டக்குன்னு அடுத்த பாட்டு. பேச்சு கலக்காம சுத்தமா பதிஞ்சிருக்கேன்னு பெருமையா சொல்லுவார். உங்க வீட்லயும் அப்படித்தானே பதிஞ்சிருப்பாங்க, அன்னைக்கு எல்லாருக்கும் வேண்டியிருந்தது பாட்டு தான்.

இன்னைக்கு அந்தப் பாட்டெல்லாம் போன்ல தேடினா கிடைக்குது. நடுவுல பேசின குரல் தான் லேசுல கிடைக்கிறதில்ல.

இதை நான் ரொம்ப லேட்டா தான் புரிஞ்சுக்கிட்டேன். அப்பா தவறின பிறகு அவரோட 43 கேசட்டையும் ஒரு கடைல குடுத்து பென் டிரைவ்ல ஏத்தச் சொன்னேன். வாங்கிட்டு வந்து போட்டா பாட்டு மட்டும் பளிச்சுன்னு இருக்கு, இரைச்சல் இல்ல, அப்பா கை தவறி விட்டிருந்த அந்த அரை வார்த்தைகளும் இல்ல, ஒரு சில கேசட்ல அவர் அசந்து தூங்கினதால முழுசா விழுந்த அறிவிப்பும் விளம்பரமும் இல்ல. கேட்டா வேஸ்ட்டை எல்லாம் க்ளீன் பண்ணிட்டோம் சார்னாங்க. கேசட் எங்கன்னு கேட்டா, திருப்பி வேணும்னு நீங்க சொல்லலையேன்னு பதில், பழைய பிளாஸ்டிக்கோட போயிடுச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

தப்பிச்சது ஒண்ணே ஒண்ணு. அப்பா வேலைக்குப் போயிருந்தப்போ அம்மா பதிஞ்சது, சித்தி வீட்ல கிடந்துச்சு. அம்மாவுக்கு பாஸ் பட்டன் எல்லாம் தெரியாது, சிவப்பு பட்டனை அமுக்கி விட்டுட்டு சமைக்கப் போயிருக்காங்க, அதனால ஒரு பக்கம் 45 நிமிஷமும் ஒரு வெட்டும் இல்லாம அப்படியே இருக்கு. காக்கா கத்துது, அம்மா யாரையோ கதவைச் சாத்தச் சொல்றாங்க, ரேடியோல ஒரு பெண் அறிவிப்பாளர் பாட்டு கேட்டவங்க பேரை ஊர் ஊரா வாசிக்கிறாங்க, நிதானமா, ஒவ்வொரு பேருக்கும் மரியாதை குடுத்து. அதுல மயிலிட்டியில இருந்து ஒரு குடும்பம், அப்பா அம்மா பிள்ளைங்கன்னு ஆறு பேர். மயிலிட்டி யாழ்ப்பாணத்துக்கு வடக்க கடலோர ஊர், 1990ல ஜனங்க மொத்தமா இடம்பெயர்ந்தாங்க, துறைமுகத்தையே 2017ல தான் திருப்பிக் குடுத்தாங்க. அந்த ஆறு பேரும் அவங்க வீட்லயே இருந்து ரேடியோல தங்களோட பேர் வர்றதுக்காக காத்திருந்த ஒரு சாயங்காலம் எங்கம்மா கேசட்ல இருக்கு. அது அவங்களுக்கோ அவங்க பேரப்பிள்ளைங்களுக்கோ கிடைச்சா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இதெல்லாம் ஸ்டேஷன்ல இருக்குமேன்னு கேப்பீங்க. நாடகம், கச்சேரி மாதிரி முன்னாடியே பதிஞ்சு வச்சது ஓரளவு இருக்கலாம், ஆனா அறிவிப்பாளர் மைக் முன்னாடி உக்காந்து நேரா பேசினதை யாரும் தனியா பதிஞ்சு வைக்கிறதில்ல, அது காத்துல போனதோட சரி. ஸ்பூல் டேப் அன்னைக்கு விலை ஜாஸ்தி, ஒலிபரப்பானதை அழிச்சுட்டு அதுலயே அடுத்ததைப் பதியிறது உலகம் பூரா நடந்தது தான். பிபிசியிலயே டாக்டர் ஹூ தொடரோட பழைய பாகங்களை அழிச்சிட்டாங்க, படம் காணாம போன பாகங்களுக்குக் கூட இன்னைக்கு ஒலி முழுசா இருக்குன்னா ரசிகர்கள் வீட்ல டிவி முன்னாடி டேப் ரெக்கார்டரை வச்சுப் பிடிச்சதால தான். 2001ல பிபிசியே தொலைஞ்சு போன நிகழ்ச்சி இருந்தா குடுங்கன்னு ஜனங்ககிட்ட கேட்டாங்க. நம்ம வானொலியும் சின்னதில்ல, 1925 டிசம்பர் 16ல கொழும்புல ஆரம்பிச்சது, 1949ல ரேடியோ சிலோன், 1967ல இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், 2025ஓட நூறு வருஷம் ஆயிடுச்சு.

இப்ப என்ன பண்ணணும்னு சொல்றேன். கேசட்டை எடுத்த உடனே பிளே போட்டுடாதீங்க. வெள்ளையா பூஞ்சை தெரியுதான்னு ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க, இருந்தா ஓட்டவே வேண்டாம், தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. இல்லன்னா பென்சில் விட்டு மெதுவா சுத்தி சக்கரம் ஒட்டாம ஓடுதான்னு பாத்துட்டு, ஒரு தடவை கடைசி வரைக்கும் ஓட்டி திருப்பி ரீவைண்ட் பண்ணுங்க. உள்ள டேப்பை அழுத்துற குட்டி ஸ்பாஞ்ச் உதிர்ந்திருந்தா சத்தம் மங்கலா வரும், கேசட் போச்சுன்னு நினைக்காதீங்க, டேப்பை வேற கூட்டுக்கு மாத்தினா சரியாயிடும். கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது ஒலியைச் சுருக்காம வைக்கிற வேவ் (WAV) ஃபைலா ஏத்துங்க, இரைச்சலை எடுக்க வேணாம், எதையும் வெட்ட வேணாம், கடைல குடுத்தா இதை எழுதியே குடுத்துடுங்க. கேசட் அட்டையில அப்பா கையெழுத்து, தேதி ஏதாவது இருந்தா போட்டோ எடுத்து கூடவே வைங்க. ஏத்தின பிறகும் கேசட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

யூடியூப்ல போட்டா பாட்டோட காப்புரிமைக்காக எடுத்துடவும் கூடும், அதை நம்பி இருக்காதீங்க. 2005ல இருந்து ஈழத்துப் புத்தகமும் பத்திரிகையும் சேர்த்து வைக்கிற நூலகம் நிறுவனத்தோட ஆவணகத்துல ஒலிப்பதிவுகளும் சேக்கிறாங்க, ஒரு காப்பியை வாங்கி வச்சுக்குவாங்களான்னு அவங்களுக்கு எழுதிக் கேளுங்க, இன்னொரு காப்பி சொந்தக்காரங்க யார் வீட்லயாவது இருக்கட்டும்.

கேசட்டை விட அதை ஓட்டுற மெஷின் தான் சீக்கிரம் காணாம போகுது, ரிப்பேர் பாக்கத் தெரிஞ்சவங்களும் குறைஞ்சுட்டாங்க. எங்க ஏரியால நல்லா ஓடுற ரெண்டு கேசட் டெக் என்கிட்ட இருக்கு. தூத்துக்குடி, திருச்செந்தூர், திருநெல்வேலி பக்கம்னா நானே தூக்கிட்டு உங்க வீட்டுக்கு வர்றேன், காசு வேணாம், உங்க முன்னாடியே ஏத்திட்டு கேசட்டை உங்க கைலயே குடுத்துட்டுப் போறேன். ஐப்பசி மழை வந்தா பரண்ல ஈரம் ஏறிடும், அதுக்கு முன்னாடி ஒரு தடவை ஏறிப் பாத்துடுங்க.