ஐந்து கணக்கு லைசென்ஸில் 23 தளங்களை எப்படி ஏற்றுவது?

அனுப்புநர்:
வெப்சைட் டிசைனர் (சுயதொழில்),
சத்துவாச்சாரி, வேலூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: பொருந்தாத கன்ட்ரோல் பேனலை விற்றது, பணத்தைத் திருப்பிக் கேட்டல்.

ஐயா,

போன மாதம் தங்களிடம் ஒரு லினக்ஸ் விபிஎஸ் (வாடகை சர்வர்) வாங்கினேன். தளங்களை நிர்வகிக்க எந்த பேனல் சரிப்படும் என்று வாங்கும் முன்பே போனில் கேட்டேன். ஆம்பூர் தோல் கம்பெனிகள், ஆரணிப் பட்டுக் கடைகள், ஆஸ்பத்திரிப் பக்கத்து லாட்ஜுகள் என என் கையில் 23 தளங்கள் இருப்பதையும் சொன்னேன். "சிபேனல் போட்டுக்குங்க சார், எத்தனை சைட் வேணா ஏத்தலாம்" என்றார் தங்கள் விற்பனைப் பிரிவுத் தம்பி. நம்பி ஒரு வருடப் பணத்தையும் மொத்தமாகக் கட்டினேன்.

ஆறாவது தளத்தை ஏற்றப் போனபோதுதான் தெரிந்தது, போட்டிருப்பது 5 கணக்கு லைசென்ஸ், தளத்துக்கு ஒரு கணக்கு என்றால் ஐந்தோடு சரி. 2019-லிருந்தே சிபேனலுக்குக் கணக்கு எண்ணிக்கையைப் பார்த்துத்தான் விலை. தினமும் விற்கிற உங்களுக்கு இது தெரியாதா? கேட்டால் உங்கள் ஆட்கள், 30 கணக்கு லைசென்ஸுக்கு மேற்கொண்டு பணம் கட்டு, இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் ஆட்-ஆன் டொமைனாக (அதே கணக்கில் கூடுதல் தள முகவரியாக) போடு என்கிறார்கள். ஒரு தளத்தின் பழைய வேர்ட்பிரஸ் ப்ளகின் (துணை மென்பொருள்) வழியாக எவனாவது நுழைந்தால், அந்தக் கணக்கில் இருக்கும் மற்ற தளங்களும் சேர்ந்து போகும். பட்டுக் கடைக்காரரும் லாட்ஜ்காரரும் ஒரே பாஸ்வேர்டை வைத்துக்கொள்ளவும் முடியாது.

அடுத்தது சர்வரின் ராம் (நினைவகம்). நீங்கள் கொடுத்த 2 ஜிபி, சிபேனல் கேட்கிற குறைந்தபட்சம் மட்டுமே. அவர்கள் பரிந்துரைப்பது 4 ஜிபி. அதிலேயே கிளாம்ஏவி வைரஸ் ஸ்கேனரையும் ஓட விட்டிருக்கிறீர்கள். அது ஒன்றே 1 ஜிபிக்கு மேல் தின்கிறது. நினைவகம் போதாமல், லினக்ஸின் மையமான கர்னல், தளங்களின் தகவல்களை வைத்திருக்கும் மைஎஸ்க்யூஎல்லை நிறுத்திவிட்டது. வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் ரூம் புக் செய்யும் தளம் ஒரு ராத்திரி முழுக்கப் படுத்துவிட்டது. காலையில் லாட்ஜ் ஓனரிடம் பேச்சு வாங்கியவன் நான்தான்.

பேனலை எடுத்துவிடுங்கள், ஹெஸ்டியா என்ற வேறு பேனலைப் போட்டுக்கொள்கிறேன் என்றேன். "அன்இன்ஸ்டால் செய்து தருகிறோம்" என்று டிக்கெட்டில் பதில். சிபேனலை அப்படிக் கழற்ற முடியாது, ஓஎஸ்ஸையே புதிதாகப் போட வேண்டும். ஹெஸ்டியா ஏறுவதும் டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில்தான். நீங்கள் போட்டிருப்பதோ அல்மாலினக்ஸ் என்ற வேறு வகை.

ஆகவே பேனலுக்கு வாங்கிய பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுங்கள். சர்வரில் டெபியனைச் செலவில்லாமல் போட்டுத் தாருங்கள். 15 நாளில் நடக்காவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவனும் நுகர்வோர்தான், தான் இருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

ஃபார்மட் செய்யும் முன் எனக்கு ஒரு போன் போடுங்கள். அந்த ஐந்து தளங்களின் பேக்கப்பை நான் இன்னும் இறக்கி முடிக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், டிக்கெட் பதில்கள், கர்னல் லாக்.