ஆசிலோஸ்கோப்பை ஆக்கர் கடைக்கு அனுப்பும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

குமரி மாவட்டத்து ஆய்வகங்களில் பழைய ஆசிலோஸ்கோப்போ (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) பவர் சப்ளையோ நின்றுபோனால், "இதற்குப் பார்ட்ஸ் கிடைக்காது" என்று கழித்து ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்கு, அனுப்பிவிடுகிறார்கள். பல நேரம் பார்ட் கடையிலேயே இருக்கும். அதை எந்தப் பெயரில் கேட்பது என்பதுதான் தெரிவதில்லை.

டெக்ட்ரானிக்ஸ் கருவியில் ஒரு டிரான்சிஸ்டரின் மேல் 151-0190 என்று இருக்கும். அது கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்ட எண். நாகர்கோவில் கடையில் அதைச் சொன்னால் கையைத்தான் விரிப்பார்கள். சர்வீஸ் மேனுவலின் பின்பகுதியில் உள்ள பார்ட்ஸ் பட்டியலோடு ஒத்துப்பார்த்தால் அது சாதாரண 2என்3904. 151-0188 என்பது 2என்3906. எச்பி கருவிகளில் 1854 என்று தொடங்கினால் என்பிஎன் டிரான்சிஸ்டர், 1853 என்றால் அதற்கு எதிர்த் துருவ வகையான பிஎன்பி, 1820 என்றால் டிஜிட்டல் ஐசி (சிப்).

2என்3904 இல்லையென்று கடைக்காரர் பிசி547 எடுத்துத் தருவார். முன்னது 40 வோல்ட் தாங்கும், இது 45 வோல்ட். பெரும்பாலான இடங்களில் ஓடும். ஆனால் தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், இடமிருந்து வலமாக 2என்3904-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி547-இல் கலெக்டர், பேஸ், எமிட்டர். திருப்பிப் போடாவிட்டால் புதுப் பார்ட்டையே சந்தேகிக்க வேண்டிவரும்.

எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரில் பழைய 5000 மைக்ரோஃபாரடுக்கு இன்றைய 4700 போதும். வோல்டேஜ் கூடலாம், குறையக் கூடாது. 105 டிகிரி வெப்பம் வரை தாங்கும் ரகமே வாங்குங்கள். எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் வகை பவர் சப்ளை) உள்ள கருவியென்றால் குறைந்த இஎஸ்ஆர் (கெப்பாசிட்டரின் உள் மின்தடை) உள்ளது வேண்டும். பழைய டிவி போர்டிலிருந்து கழற்றியதைப் போடுவது வீண் வேலை. மெயின்ஸ் வரும் இடத்தில் தேன் நிற உறைக்குள் காகிதக் கெப்பாசிட்டர் இருந்து, உறையில் கீறல் விழுந்திருந்தால் கருவி ஓடினாலும் மாற்றிவிடுங்கள். ஈரம் உள்ளே போய் ஒருநாள் புகைந்துவிடும். இரண்டு மழைக்காலம் உள்ள நம் ஊரில் கேட்கவே வேண்டாம். அதே மதிப்பில் 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 (மெயின்ஸுக்கான பாதுகாப்பு வகை) என்று அச்சிட்டதுதான் அங்கே போடத் தக்கது. 400 வோல்ட் டிசி என்றிருப்பது எண்ணில் பெரிதாகத் தெரியும், ஆனால் அந்த இடத்துக்கு ஆகாது.

குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் பார்ட் கெடும் முன்பே சுவிட்சும் ஐசி சாக்கெட்டும் பச்சை பூத்துவிடும். ஐசியைப் பிடுங்கித் திரும்பச் செருகிப் பாருங்கள். அட்டெனுவேட்டரில் (உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் சுவிட்ச் பகுதி) ஸ்ப்ரே அடிக்காதீர்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட தாள் கீற்றைக் காண்டாக்டுகளுக்கு இடையே இழுத்தால் போதும். எதையும் வாங்கும் முன் பவர் சப்ளையின் ஒவ்வொரு வோல்டேஜையும், அதிலுள்ள ரிப்பிளையும் (டிசியில் மிஞ்சி நிற்கும் ஏசி அலைவு) அளந்துவிட வேண்டும். பிக்சர் டியூப் பக்கம் பெரும்பாலும் 2,000 வோல்ட்டோ அதற்கு மேலோ இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உண்மையிலேயே கிடைக்காதவையும் உண்டு. பிக்சர் டியூப், அதற்கு உயர் வோல்டேஜ் தரும் இஎச்டி டிரான்ஸ்பார்மர், டெக்ட்ரானிக்ஸ் 2465-இன் யு800 போல அந்தக் கம்பெனியே தனக்கெனச் செய்துகொண்ட ஐசிகள். இவற்றுக்கு மாற்று இல்லை. அதே மாடலின் இன்னொரு கருவியிலிருந்துதான் கழற்ற வேண்டும். இணையத்தில் மலிவாக வரும் பழைய ஐசிகளில் மேற்பெயரைச் சுரண்டி வேறு பெயர் அச்சிட்டவையும் கலந்திருக்கும். அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்துப் பாருங்கள். மேற்பூச்சு கரைந்து வந்தால் சந்தேகப்படலாம்.

ஆகவே கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே மாடலில் நான்கு கருவி கழிக்கும்போது நான்கையும் எடைக்குப் போடாமல் ஒன்றைப் பார்ட்ஸுக்காக நிறுத்திவையுங்கள். அலமாரியிலிருக்கும் சர்வீஸ் மேனுவலையும் பழைய பேப்பரோடு சேர்த்துவிடாதீர்கள்.

ஒரு வாசகர்,
தக்கலை.