பாடலை எழுதியவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் வரும் கச்சேரி விமர்சனங்களை விடாமல் படிக்கிறவன் நான். பாடியவர் யார், வயலின் யார், மிருதங்கம் யார், எந்த ராகத்தை விரிவாக ஆலாபனை செய்தார், மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது எத்தனை பேர் எழுந்து வெளியே போனார்கள் என்பதுவரை எழுதுகிறீர்கள். பாடலின் முதல் அடியையும் போடுகிறீர்கள். அதை எழுதி மெட்டமைத்தவர் பெயரைத்தான் காணோம். தியாகராஜர், தீட்சிதர் என்றால் பெயர் வந்துவிடுகிறது. தமிழ்ப் பாட்டு என்றால் 'அடுத்துப் பாடிய தமிழ்ப் பாடல் உருக்கமாக இருந்தது' என்ற ஒரே வாக்கியத்தோடு சரி. யார் வீட்டு உருக்கம் அது என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருந்தவன். முழங்கால் பெடலை மிதிக்க மறுத்த பிறகு கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். காஜா எடுப்பது, பட்டன் தைப்பது என்று நான் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் கடையில் ரேடியோ ஓயாது. திருச்சி வானொலி, இலங்கை வானொலி, கேசட் வந்த பிறகு இளையராஜா. கர்நாடக சங்கீதம் வந்தால் மட்டும் கை தானாக நிலையத்தை மாற்றிவிடும். அது வேறு தெருக்காரர்களின் சமாச்சாரம் என்று நாங்கள் நினைத்தோம். அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அறுபதைத் தாண்டிய பிறகு ஒருநாள், நாகஸ்வரக்காரர் ஒருவர் ஜிப்பாவுக்கு அளவு கொடுக்க வந்தார். மகன் வெளியே போயிருந்ததால் நானே எழுந்தேன். தோள் அளவு எடுக்கும்போது ஆள் ஆடாமல் நிற்க வேண்டும். இவரோ எதையோ முணுமுணுத்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நாடா நழுவிக்கொண்டே இருந்தது. "என்ன பாட்டுங்க ஐயா அது, அளவெடுக்க விடமாட்டேன் என்கிறது?" என்றேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் வாய்விட்டே பாடினார். 'நான் ஒரு விளையாட்டு பொம்மையா' என்ற பாட்டு.

நவரச கன்னட ராகம் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று காதில் விழுந்தவை சொற்கள்தான். பல பிறவி எடுத்துத் 'திண்டாடினது போதாதா' என்று அம்பாளைக் கேட்கிறார். அதோடு விடவில்லை, அம்மா அம்மா என்று நான் அலறுவதைக் கேட்பது உனக்கு ஆனந்தமா என்கிறார். திண்டாடுவதும் அலறுவதும் எங்கள் வீட்டில் அன்றாடம் புழங்குகிற சங்கதிகள். சாமியிடம் இப்படிச் சண்டைக்கு நிற்கலாம் என்றும், அதைச் சபையில் தாளம் போட்டுப் பாடுவார்கள் என்றும் அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. கடன் கொடுத்தவர் கடை வாசலில் வந்து உட்கார்ந்திருந்த நாட்களில் ஆதிகும்பேஸ்வரர் கோயிலில் மங்களாம்பிகையிடம் நான் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். ராகம் மட்டும் இல்லை.

பாட்டு யாருடையது என்றேன். "பாபநாசம் சிவன்" என்றார். பாபநாசம் எனக்குத் தஞ்சாவூர் பஸ் நின்று போகும் ஊர். நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று அங்கே இருக்கிறது. அதற்கு மேல் அந்தப் பெயரைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. (ஜிப்பா நன்றாக அமைந்தது. பாட்டுக்காகக் கூலியில் தள்ளுபடி எதுவும் கொடுக்கவில்லை.)

பிறகு மகள் வாங்கித் தந்த செல்போனில் தேடிப் பிடித்துக் கேட்க ஆரம்பித்தேன். நூலகத்திலும் கிடைத்ததைப் படித்தேன். 1890-ல் அன்றைய தஞ்சாவூர் ஜில்லா போலகத்தில் பிறந்தவர், இயற்பெயர் ராமய்யா. சிறு வயதில் தகப்பனார் போய்விட, தாயார் பிள்ளைகளோடு திருவாங்கூர் போனார். அங்கே இவர் சமஸ்கிருதம் படித்தார். நீலகண்ட சிவன் பாடல்கள் அவரைப் பற்றிக்கொண்டன. தாயும் போன பின் ஊர் ஊராக, கோயில் கோயிலாகப் பாடித் திரிந்திருக்கிறார். உடம்பெல்லாம் திருநீறு பூசிக்கொண்டு பாடியவரை ஜனங்கள் சிவன் என்றே அழைக்க, அண்ணன் குடியிருந்த பாபநாசம் பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டதாம். கடைசியில் மயிலாப்பூரில் நிலைகொண்டார். மார்கழி விடியலில் கபாலீஸ்வரர் கோயில் மாட வீதிகளில் பல ஆண்டுகள் பஜனை பாடிக்கொண்டு போனவர் அவர்.

என்னைத் தூக்கிப் போட்டது வேறு ஒன்று. என் தகப்பனாரும் தையல்காரர்தான். மிஷினை மிதித்துக்கொண்டே அவர் பாடும் பாட்டு 'மன்மத லீலையை வென்றார் உண்டோ'. 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' படப் பாட்டு. எங்கள் வீட்டில் அதற்கு, படத்தில் பாடி நடித்த தியாகராஜ பாகவதர் பெயரால், பாகவதர் பாட்டு என்றுதான் பெயர். எழுதியவர் இதே சிவன்! 'சிவகவி'யில் வரும் 'வதனமே சந்திர பிம்பமோ'வும் இவருடையதுதான். ஆக, வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே வளர்ந்திருக்கிறேன், ஆளைத்தான் தெரியாது. அம்பாளிடம் அலறியவரும் மன்மத லீலையை எழுதியவரும் ஒருவரே என்பதில் எனக்குச் சங்கடம் எதுவும் இல்லை, மரியாதைதான் கூடியது. போதாததற்கு நடித்தும் இருக்கிறார். கல்கியின் கதையான 'தியாக பூமி' 1939-ல் படமானபோது சம்பு சாஸ்திரியாக வந்தவர் அவர்தான். வெள்ளைக்கார அரசு தடை செய்த படம் அது.

இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கடையில் கூட்டம் இருக்காது. அப்போது மதுரை மணி ஐயர் பாடிய 'காணக் கண் கோடி வேண்டும்' போடுவேன். காம்போதி ராகம், கபாலியின் வீதியுலாவைப் பற்றியது. நகை, பூமாலை, முகம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அடுக்கிக்கொண்டே போகிறார் சிவன். ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று தெரிந்துவிடுகிறது அவருக்கு. திருவிழாக் கூட்டத்தில் நின்று பார்த்தவரால்தான் இப்படி எழுத முடியும். மகன் முதலில் முகம் சுளித்தான். இப்போது சிவனின் 'கா வா வா' வந்தால் மட்டும் சத்தத்தைக் குறைக்கச் சொல்வதில்லை. முருகன் பாட்டு என்பதாலும் இருக்கலாம்.

அவர் பாட்டு எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். சமஸ்கிருதம் மண்டிக் கிடக்கிற பாடல்களில் ராகத்தை ரசிக்கிறேன், மனம் ஒட்டவில்லை. பாடுகிறவர்கள்மேலும் ஒரு குறை உண்டு. சில பேர் 'விளையாட்டு' என்பதை நடுவில் முறித்து, 'வி' என்று நீட்டி நிறுத்திவிட்டு மீதியைப் பிறகு எடுக்கிறார்கள். பூப்போட்ட துணியில் பூவின் நடுவே கத்தரி வைத்தது போல் இருக்கிறது எனக்கு. பொருள் புரிந்து பாடுகிறவர் அந்த இடத்தில் வெட்டமாட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். தியாகராஜர் கீர்த்தனையில் அவர் பெயரே முத்திரையாக, அதாவது ஆக்கியவரின் அடையாளச் சொல்லாக, பாட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. கேட்கிற யாருக்கும் தெரிந்துவிடும். சிவனின் முத்திரை 'ராமதாசன்'. அதைக் கேட்டுவிட்டு தெலுங்கில் பாடிய பத்ராசல ராமதாசர் பாட்டு என்று என் பக்கத்தில் இருந்தவர் அடித்துச் சொன்னார், நானே கேட்டேன். 'என்ன தவம் செய்தனை' பாட்டை ஊத்துக்காடு வேங்கட கவி எழுதியதாகப் பலர் இன்றும் நம்புகிறார்கள். ஊத்துக்காடும் எங்கள் பக்கத்து ஊர்தான், அதன் பெருமை கூடுவதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் அது சிவன் எழுதிய பாட்டு. ஒருவர் கணக்கில் வரவேண்டியதை இன்னொருவர் கணக்கில் எழுதக் கூடாது. குழப்பத்தைத் தீர்க்க வேண்டிய இடம் பத்திரிகை. தாங்களும் பெயரைப் போடாவிட்டால் ஜனங்கள் எங்கே போய்த் தெரிந்துகொள்வார்கள்?

சென்னை மியூசிக் அகாடமி சிவனுக்குச் சங்கீத கலாநிதி விருது கொடுத்தது 1971-ல். அப்போது அவருக்கு வயது 81. மறு ஆண்டு பத்ம பூஷண். 1973 அக்டோபரில் காலமாகிவிட்டார். அகாடமிக்கே அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் அவர் மறைந்த வருஷம் நான் தகப்பனார் கடையில் ஊசி கோக்கப் பழகிக்கொண்டிருந்த பையன். கும்பகோணத்திலிருந்து ரயில் ஏறினால் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் அந்த மனிதர் இருந்திருக்கிறார். அந்த மன்மத லீலைப் பாட்டுக்கு அடியில் ஒரு பெயரை யாராவது ஒருவர் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால், நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்பே மற்ற பாட்டுகளையும் தேடியிருப்பேன்.

சிவனுக்கு மட்டும் கேட்கவில்லை. முத்துத் தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதி, கோடீஸ்வர ஐயர், பெரியசாமித் தூரன் எல்லாரும் இந்த 'உருக்கமான தமிழ்ப் பாடல்' என்ற ஒரே மூட்டைக்குள்தான் கிடக்கிறார்கள். வருகிற மார்கழியிலிருந்து தங்கள் விமர்சகர்கள் ராகத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே ஆக்கியவர் பெயரையும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தெரியாவிட்டால் மேடையிலிருந்து இறங்குகிறவரையே கேட்கலாம். அவருக்கும் தெரியாது என்றால் அதையும் அப்படியே அச்சிடலாம்.

இடம் போதாது என்பீர்களானால், சபா கேண்டீனின் கீரை வடைக்கு ஒதுக்குகிற பத்தியில் இரண்டு வரியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர், கும்பகோணம்