பத்து மில்லிகிராமில் கைவைக்காதீர்கள்: கனடாவின் சுகாதார அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சுகாதார அமைச்சர் அவர்களுக்கும், கஞ்சாச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் மத்திய சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கஞ்சா கலந்த உணவுப் பண்டம் ஒரு பொதிக்குள் கஞ்சாவில் போதை தரும் பொருளான ரி.எச்.சி.யை 10 மில்லிகிராமுக்கு மேல் கொண்டிருக்கக் கூடாது என்பது 2019 ஒக்ரோபர் 17 முதல் இந்த நாட்டின் விதி. அதை 100 மில்லிகிராமாக உயர்த்தும்படி கஞ்சாத் தொழில்துறை பல ஆண்டுகளாக உங்களை நெருக்கி வருகிறது. 2023 இல், சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான போட்டிப் பணியகமும் இந்த வரம்பை மாற்றியமைப்பது பற்றி ஆராயச் சொன்னது. நீங்கள் இதுவரை அசையவில்லை. இனியும் அசைய வேண்டாம் என்று கேட்கவே இந்த மடல். நூறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஐம்பதுக்கோ முப்பதுக்கோ பேரம் பேசி ஒப்புக்கொள்வதும் கூடாது. அதற்கான காரணத்தைக் கீழே கணக்கோடு சொல்கிறேன்.

நான் ஒன்ராறியோவில் மருந்தாளராக வேலை செய்கிறேன். நாங்கள் கஞ்சா விற்பதில்லை. அதற்கு உரிமம் பெற்ற கடைகள் தனியாக இருக்கின்றன. ஆனால் அங்கே வாங்கியவர்கள் சந்தேகம் கேட்க எங்களிடம்தான் வருகிறார்கள். 2018 இல் கஞ்சா சட்டபூர்வமானதை நான் எதிர்த்தவள் அல்ல. சட்டைப்பையில் சிறிது கஞ்சா வைத்திருந்ததற்காக இளைஞர்களின் மீது குற்றப்பதிவு விழுந்து, அவர்களின் வேலையும் பயணமும் கெட்டுப்போன காலம் முடிந்தது நல்லதே. அந்தச் சட்டம் நிலைக்க வேண்டும் என்ற அக்கறையோடுதான் எழுதுகிறேன்.

புகைக்கும் கஞ்சாவையும் உண்ணும் கஞ்சாவையும் உடல் ஒரே விதமாக எடுத்துக்கொள்வதில்லை. புகையில் வரும் ரி.எச்.சி. நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து சில நிமிடங்களில் வேலையைக் காட்டிவிடும். போதும் என்று உணர்ந்தவர் அத்தோடு நிறுத்தலாம். உண்டால் கதை வேறு. அது இரைப்பையைக் கடந்து, குடலில் உறிஞ்சப்பட்டு, ஈரலுக்குப் போகிறது. அங்கே அதன் ஒரு பகுதி 11-ஹைட்ரொக்ஸி-ரி.எச்.சி. என்ற பொருளாக மாறுகிறது. மூளைக்குள் எளிதில் நுழையும் அந்தப் பொருளின் வீரியம் ரி.எச்.சி.க்குச் சற்றும் குறைந்ததல்ல. முதல் அறிகுறி தெரிய அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். உச்சம் தொட நான்கு மணி நேரம்கூட ஆகலாம். பன்னிரண்டு மணி நேரம் வரை ஆட்டிவைத்துவிட்டு, சிலருக்கு மறுநாளும் மிச்சம் வைக்கும். வயிறு நிறைய உண்டிருந்தால் இன்னும் தாமதம். எவ்வளவு உள்ளே போனது என்பதை உடல் சொல்வதற்குள் ஒருவர் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் எடுத்துவிட முடியும்.

இந்தத் தாமதம் உயிரைப் பறித்த சம்பவம் ஒன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்தது. 2014 மார்ச்சில் 19 வயது மாணவன் ஒருவன் கஞ்சா பிஸ்கட் சாப்பிட்டான். அந்த ஒரு பிஸ்கட்டுக்குள் இருந்தது 65 மில்லிகிராம். ஒரு முறைக்கு 10 மில்லிகிராம் என்று கணக்கிடப்பட்டது அது. ஆறு துண்டாக்கி, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் சாப்பிடும்படி கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். அவனும் முதலில் ஒரு துண்டைத்தான் தின்றான். அரை மணி, ஒரு மணி நேரம் பார்த்தான், ஒன்றும் தெரியவில்லை. மீதி முழுவதையும் தின்றான். சில மணி நேரத்தில் நிதானம் இழந்து, மாடியிலிருந்து குதித்து இறந்துபோனான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015 இல் இதை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறது. சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லித்தான் அவனிடம் கொடுத்தார்கள் என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். சொல்லப்பட்ட அளவுக்கும் கையில் இருந்த அளவுக்கும் இடையே ஆறு மடங்கு வித்தியாசம் இருந்தது. கொலராடோ பிறகு துண்டுகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும்படி விதியை இறுக்கியது. ஆனாலும் ஒரு துண்டுக்கு 10, பொதிக்கு 100 என்ற கணக்கு அங்கே நிலைத்துவிட்டது. கலிபோர்னியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் அதே கணக்குத்தான். நம் தொழில்துறை உங்களுக்குச் சுட்டிக்காட்டும் முன்மாதிரிகள் இவைதான்.

கனடா அப்போதே புத்திசாலித்தனமான ஒரு காரியம் செய்தது. வரம்பைத் துண்டுக்கு வைக்காமல் பொதிக்கே வைத்தது. புதிதாக எடுப்பவர் 2.5 மில்லிகிராமோ அதற்குக் குறைவாகவோ தொடங்க வேண்டும் என்று உங்கள் துறையே அறிவுறுத்துகிறது. அப்படியானால் இன்றைய பத்து மில்லிகிராம் பொதியே நான்கு பேருக்கான தொடக்க அளவு. நூறு மில்லிகிராம் பொதி நாற்பது பேருக்கானது. நாற்பது பேருக்கான அளவை ஒரே கையில், அதுவும் மிட்டாய் வடிவில் கொடுத்துவிட்டு, "காத்திருந்து உண்ணுங்கள்" என்று மஞ்சள் கட்டத்துக்குள் அச்சிட்டால் போதும் என்பவர்கள் மனிதர்கள் மிட்டாய் தின்னும் விதத்தைப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

குழந்தைகள் விடயத்துக்கு வருகிறேன். இந்த மடலின் மையம் இதுதான்.

ஒரு வயதுக் குழந்தையின் எடை ஏறத்தாழ 10 கிலோ. கஞ்சா மிட்டாய் தின்ற ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2023 இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்தது. உடல் எடையில் கிலோவுக்கு 1.7 மில்லிகிராமைத் தாண்டினால் கடுமையான, நீண்ட நேரம் நீடிக்கும் நச்சுப் பாதிப்பை எதிர்பார்க்க வேண்டும் என்பது அதன் முடிவு. 10 கிலோ குழந்தைக்கு அந்த எல்லை 17 மில்லிகிராம். இன்றைய கனேடியப் பொதி ஒன்றை முழுதாக விழுங்கினாலும் கிலோவுக்கு 1 மில்லிகிராம்தான் உள்ளே போகும். அதைப் பாதுகாப்பான அளவு என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அந்தக் குழந்தை துவண்டுபோகலாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். ஆனால் மூச்சுத் தடுமாறி, செயற்கைச் சுவாசம் தேவைப்படும் கட்டத்துக்கு இந்த வரம்பு ஓரளவு தடை போடுகிறது. பொதி 20 மில்லிகிராம் ஆனாலே அந்தக் குழந்தை எல்லையைத் தாண்டிவிடும். 100 ஆனால் எல்லையைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. ஐம்பதுக்கும் முப்பதுக்கும் பேரம் கூடாது என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

குழந்தைகள் திறக்க முடியாத பொதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. இரண்டு விரலால் ஒரு மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இழுத்தால்தான் திறக்கும் பைகளை நானே திறந்து பார்த்திருக்கிறேன். மூட்டுவாதம் உள்ள ஒருவருக்கு அது பெரும்பாடு. அதனாலேயே ஒருமுறை திறந்த பையைப் பலர் சரியாக மூடுவதில்லை. கத்தரிக்கோலால் மேல்விளிம்பை வெட்டிவிட்டு, மீதியை ஒரு கிண்ணத்திலோ இழுப்பறையிலோ போட்டுவைக்கிறார்கள். இன்றைய பொதிகள் பலவற்றில் ஒரு துண்டோ இரண்டு துண்டோதான் இருக்கின்றன. பெரியவர் ஒன்றைத் தின்றபின் வீட்டில் மிஞ்சுவது மிகக் குறைவு. நூறு மில்லிகிராம் பொதியில் ஒன்றைத் தின்றால் ஒன்பது மிஞ்சும். மூடி காப்பாற்றாத இடத்தில், மிச்சம் இல்லாமைதான் குழந்தையைக் காப்பாற்றுகிறது.

பத்து மில்லிகிராம் வரம்பு இருந்தும் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்களே என்று ஒரு வாதம் உண்டு. உண்மைதான். ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா ஆகிய மாகாணங்களில் உண்ணும் பண்டங்கள் விற்பனைக்கு வந்தபின், கஞ்சா நச்சால் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட சிறு குழந்தைகளின் தொகை கடுமையாக உயர்ந்தது. மிட்டாய், இனிப்பு வகைகளைத் தன் கடைகளில் அனுமதிக்காத கியூபெக்கில் உயர்வு அதைவிட மிகக் குறைவு. இதைக் காட்டிய, 2022 இல் வந்த ஆய்வில் சட்டபூர்வப் பண்டமும் கள்ளப் பண்டமும் பிரிக்கப்படாமல் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் மிட்டாய் பெருகினால் குழந்தைகளின் கைக்கு எட்டுவதும் பெருகும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. எட்டுவதை முழுதாகத் தடுக்க முடியாதபோது, எட்டிய பொதிக்குள் என்ன இருக்கிறது என்பதையாவது அரசு தன் பிடியில் வைத்திருக்க வேண்டும்.

முதியவர்களைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஒன்ராறியோவில் 65 வயதைத் தாண்டியோர் கஞ்சா நச்சால் அவசர சிகிச்சைக்கு வருவது, உண்ணும் பண்டங்கள் வந்தபின், கஞ்சா சட்டபூர்வமாவதற்கு முந்திய காலத்தைவிட ஏறத்தாழ மும்மடங்கானது என்று 2024 இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. எனக்கு அது வியப்பாக இல்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கும் மூதாட்டி ஒருவர், நித்திரைக்காக மகன் வாங்கிக் கொடுத்த பையை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். "பிள்ளை, பாதியைத் தின்றுவிட்டு ஒரு மணித்தியாலம் பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. மற்றப் பாதியையும் தின்றேன். விடிய எழும்பும்போது தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்" என்றார். கொலராடோ மாணவன் செய்த அதே காரியத்தைத்தான் அவரும் செய்திருந்தார். பையில் அதற்குமேல் ஒன்றும் இருக்கவில்லை என்பதால் விழாமல், எலும்பு முறியாமல் தப்பினார். பையின் ஆங்கில எச்சரிக்கையையும் பிரெஞ்சு எச்சரிக்கையையும் அவரால் வாசிக்க முடியாது.

தொழில்துறையின் வாதங்களில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நாள்பட்ட வலிக்காகக் கூடுதல் அளவு எடுத்துப் பழகியவர் ஐந்து பொதி வாங்கி ஐந்து பையைக் குப்பையில் போட வேண்டியிருக்கிறது. செலவும் வீணும் உண்மை. ஆனால் அவருக்கு வேறு வழி ஏற்கெனவே இருக்கிறது. கஞ்சாச் சாறு அடங்கிய எண்ணெயும் குளிசையும் பொதிக்கு 1000 மில்லிகிராம் வரை, குளிசை ஒன்றுக்கு 10 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகின்றன. அவை மிட்டாயைப்போல் குழந்தையை ஈர்ப்பவை அல்ல. உணவு வடிவமே வேண்டும் என்ற நோயாளி இருந்தால், மருத்துவர் எழுத்தில் தரும் ஆவணத்தின் பேரில் அவருக்கு மட்டும் வழி திறவுங்கள். அதற்காக எல்லோருக்குமான கடைத்தட்டைத் திறந்துவிட வேண்டியதில்லை.

கள்ளச் சந்தையை வெல்ல வேண்டும் என்ற வாதம் எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை. பிரபல இனிப்புகளின் உறையைப் பார்த்து வரைந்த பளபளப்பான பைகளில் 500 என்றும் 1000 என்றும் அச்சிட்டு விற்கிறார்கள். அந்த எண் சரியா என்று யாரும் சோதிப்பதில்லை. நாம் நூறுக்குப் போனாலும் அவர்கள் பத்து மடங்கு முன்னால் நிற்பார்கள். எண்ணில் அவர்களோடு போட்டிபோட்டு வெல்ல முடியாது. உறையில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கும் என்ற நம்பிக்கை சட்டபூர்வக் கடையிடம் மட்டுமே இருக்கிறது. அந்தக் கள்ள இணையதளங்களை முடக்குவதும், அவற்றுக்குப் பணம் போகும் வழியை அடைப்பதும் அரசின் வேலை. அதற்கு ஆளும் பணமும் ஒதுக்குங்கள்.

கஞ்சாச் சட்டத்தை மறுஆய்வு செய்த, மொறிஸ் ரோசன்பேர்க் தலைமையிலான நிபுணர் குழு 2024 மார்ச்சில் 54 பரிந்துரைகளைத் தந்தது. இந்த வரம்பை உயர்த்தும்படி அது கேட்கவில்லை. 2025 மார்ச்சில் பொதியிடல் விதிகள் பலவற்றை நீங்கள் தளர்த்தியபோதும் பத்து பத்தாகவே இருந்தது. மெல்லும் மிட்டாய்களுக்குச் "சாறு" என்று பெயர்சூட்டி வரம்பைத் தாண்டப் பார்த்தவர்களிடம் விற்பனையை நிறுத்தும்படி 2023 இல் சொன்னீர்கள். மூன்றுக்கும் நன்றி. அதே உறுதி அடுத்த திருத்தத்திலும் வேண்டும்.

கூடவே இரண்டு வேண்டுகோள். திறந்தபின்னும் குழந்தைகளால் திறக்க முடியாதபடி மீண்டும் மூடும் பொதி, முதியவர் கைக்கும் இசைவதாக, கட்டாயமாக்கப்பட வேண்டும். "இரண்டு மணி நேரம் காத்திருங்கள், அதற்குள் மீண்டும் உண்ணாதீர்கள்" என்ற ஒரு செய்தியையாவது தமிழிலும் பஞ்சாபியிலும் சீனத்திலும், இந்த நாட்டின் வீடுகளில் பேசப்படும் மற்ற மொழிகளிலும் அச்சிட்டு, ஒவ்வொரு கஞ்சாக் கடையின் கல்லாவிலும் மருந்துக் கடையிலும் வைக்க ஏற்பாடு செய்யுங்கள். தமிழில் எழுதித் தர நானும் என்னோடு வேலை செய்யும் தமிழ் மருந்தாளர்களும் ஊதியமின்றி ஆயத்தமாக இருக்கிறோம்.

உண்மையுள்ள,
ஒன்ராறியோவில் பணிபுரியும் ஒரு மருந்தாளர்