கடித்தால் உத்தரவாதம் கிடையாதாம்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பல் முளைக்கும் குழந்தைகள் கடிக்கும் டீத்தரிலிருந்து ஜெல் கசிந்தது தொடர்பாக

ஐயா / அம்மா,

சென்ற மாதம் உங்கள் நிறுவனத்தின் ஜெல் அடைத்த டீத்தர் வளையத்தை 349 ரூபாய்க்கு வாங்கினேன். என் மகளுக்கு ஏழு மாதம். கீழ்ப்பல் முளைக்கிற நேரம். ஜொள்ளு வடிந்து ஒரு நாளைக்கு நாலு சட்டை மாற்றுகிறோம். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து அழுகிறாள். வளையத்தைக் கொடுத்தால் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தாள், அதை நான் மறுக்கவில்லை.

பத்தாம் நாள் ஒட்டு விட்டு, உள்ளே இருந்தது அவள் வாயில் கசிந்தது. வழவழவென்று ஏதோ ஒன்று. வாயைத் துடைத்துவிட்டு டாக்டரிடம் ஓடினோம். "உள்ளே என்னம்மா இருக்கு?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் 'பாதுகாப்பான ஜெல்' என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதே பெட்டியில் 'ஃப்ரீசரில் 2 மணி நேரம் வைக்கவும்' என்று போட்டிருக்கிறீர்கள். டாக்டர் அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். கல் மாதிரி உறைந்ததைக் கடித்தால் ஈறு புண்ணாகும், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்த குளிர்ச்சியே போதும் என்றார். உறைந்து உறைந்துதான் ஒட்டு விட்டதோ என்னவோ, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் எழுதிக் கேட்டதற்கு உங்கள் பதில்: "பொருளில் பல் தடம் இருப்பதால் உத்தரவாதத்தில் வராது." டீத்தரைக் கடிக்காமல் தலைக்கு வைத்தா படுப்பாள்? அவளுக்கு வெளியே தெரிவதே ஒன்றரைப் பல். அதைத் தாங்காத பொருளை யாருக்காக விற்கிறீர்கள்?

349 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அதைவிட முக்கியம், ஜெல்லில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் சொல்லுங்கள், பெட்டியில் ஃப்ரீசர் வரியை எடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சரியான எச்சரிக்கை தராததும் தயாரிப்பாளரின் பொறுப்புதான். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகார் பதிவேன், அப்புறம் நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன்.

வளையம், பெட்டி, பில் மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் படம் எடுத்துக்கொண்டு தருகிறேன். இப்போதைக்கு என் மாமியார் சொன்னபடி, நனைத்து ஃப்ரிட்ஜில் வைத்த பருத்தித் துணியைத்தான் கடித்துக்கொண்டிருக்கிறாள். அது கசிந்தாலும் தண்ணீர்தான்.

இப்படிக்கு,
ஏழு மாதக் குழந்தையின் தாய்,
மதுரை