ஹெட்போனா, ஸ்பீக்கரா: தம்பிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேமுக்கு ஹெட்போன் வாங்கவா, ஸ்பீக்கர் வாங்கவா என்று கேட்டாய். நான் மண்டபத்தில் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றிருந்தேன். பாதி காதில் விழவில்லை. "ஏதாவது ஒண்ணு வாங்குப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். 30 வருஷமாக மைக் செட் போடுகிறவன் பெற்ற பிள்ளைக்குச் சொல்கிற பதிலா அது என்று அப்புறம் உறுத்தியது.

ஹெட்போனே வாங்கு. தீபாவளிக்கு வந்தபோது நீ வாலரண்ட் என்கிற துப்பாக்கி கேம் ஆடுவதைப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். சுடுகிற நேரத்தைவிட, காலடிச் சத்தம் எந்தப் பக்கம் என்று காது கொடுக்கிற நேரம்தான் அதிகம். இடப்பக்கத்துச் சத்தம் இடது காதுக்கு முதலில் வரும். வலது காதுக்கு, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத நேரம் கழித்து, கொஞ்சம் மங்கலாக வரும். அந்தத் துளி வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைப் பிடிக்கிறது. ஸ்பீக்கரில் இடது பாக்ஸ் சத்தம் வலது காதுக்கும் போகும், சுவரில் பட்டும் திரும்பும். உன் ரூமில் இருப்பதெல்லாம் வெறும் சுவர். தகர ஷெட் போட்ட மண்டபத்தில் மைக்கில் யார் பேசினாலும் எந்த மூலையிலிருந்து வருகிறது என்றே தெரியாதே, அந்தக் கதைதான். போதாததற்கு, நீ கூட்டாளிகளோடு பேசிக்கொண்டே ஆடுகிறாய். பாக்ஸ் சத்தம் உன் மைக்கில் ஏறி, அவர்கள் பேசினது அவர்களுக்கே திரும்பக் கேட்கும்.

பெட்டியில் '7.1', அதாவது ஏழு ஸ்பீக்கரும் ஒரு பேஸ் பாக்ஸும் சுற்றி வைத்த மாதிரி கேட்கும் என்று பெரிதாகப் போட்டிருந்தால் அதற்காகக் கூடக் காசு கொடுக்காதே. பெரும்பாலும் உள்ளே காதுக்கு ஒரு டிரைவர்தான், அதாவது ஒரு குட்டி ஸ்பீக்கர்தான் இருக்கும், மிச்சமெல்லாம் சாஃப்ட்வேர் வேலை. உன் கேமிலேயே ஹெட்போனில் சத்தத்தின் திசை தெரியும்படி செய்கிற எச்.ஆர்.டி.எஃப். என்று ஒரு செட்டிங் இருக்கிறது, நீதான் காட்டினாய். அது போதும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் எக்கோவுக்கு மேல் எக்கோ போட்ட மாதிரி குழம்பிவிடும்.

நீ பஸ்ஸில் பாட்டு கேட்கிற ப்ளூடூத் ஹெட்செட்டும் இதற்கு வேண்டாம். சாதாரண ப்ளூடூத்தில் சத்தம் 100 மில்லிசெகண்டுக்கு மேல் பிந்தி வரும். காற்றில் சத்தம் அந்த நேரத்துக்குள் 34 மீட்டர் போய்விடும். திருவிழாவில் தெருக்கோடியில் கட்டின குழாய் ஸ்பீக்கரைக் கேட்டு இங்கே தாளம் போட முடியுமா? வயர் உள்ளதாகவே பார். பின்பக்கம் திறந்த வகையில் காது வேர்க்காது, ஆனால் சத்தம் வெளியே கசியும். நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிற உன் ரூம்மேட் பாவம்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். நான் ஏன் எப்போதும் இடது காதிலேயே போனை வைக்கிறேன் என்று நீ கிண்டல் செய்வாய். 2009-ல் ஒரு கோயில் கொடை. மூன்று ராத்திரி, அடுக்கி வைத்த பாக்ஸுக்குப் பக்கத்திலேயே ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் காலையில் வலது காதில் 'ஙொய்' என்று ஆரம்பித்தது. இந்தக் கடிதம் எழுதும்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. காதுக்குள் இருக்கிற அந்த நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மனுஷனுக்கு மறுபடி முளைக்காதாம். டாக்டர் சொன்னார்.

சத்தத்தின் அளவை டெசிபலில் சொல்வார்கள். 50 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரை 100 வாட்ஸாக மாற்றினால் கூடுவது 3 டெசிபல்தான். கேட்கிறவனுக்குப் பெரிதாகத் தெரியவே தெரியாது. "இவ்வளவுதானாண்ணே?" என்பார்கள். ஆனால் அந்த 3 டெசிபலுக்கே காது தாங்குகிற நேரம் பாதியாகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 83 என்றால் 20, 86 என்றால் 10, 89 என்றால் 5 மணி நேரம்தான். நீ சனி, ஞாயிறு மட்டும் எத்தனை மணி நேரம் ஆடுகிறாய் என்று அம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

கேமில் இன்னொரு வம்பும் உண்டு. காலடிச் சத்தம் மெதுவாக இருக்கிறதே என்று வால்யூமை ஏற்றுவாய். அதே வால்யூமில் துப்பாக்கி வெடிக்கும், அதுவும் காதுக்குள்ளேயே. அதனால் காலடிச் சத்தத்தைக் கேட்டு வால்யூமை வைக்காதே, வெடிச் சத்தத்தைக் கேட்டு வை. அந்த அளவில் காலடி கேட்கவில்லை என்றால் ஃபேனைக் குறைத்துப் பார், வால்யூமைத் தொடாதே. ஆட்டம் முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிடு.

கார் ரேஸ், கதை கேம், படம் இதற்கெல்லாம் ஸ்பீக்கரே சுகம். அதற்குக் காசு செலவு செய்யாதே. நம் கடையில் இரண்டு சின்ன பாக்ஸும் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயரும் சும்மா கிடக்கின்றன. வயர் மாற்றித் துடைத்து வைக்கிறேன், பொங்கலுக்கு வரும்போது எடுத்துப் போ. மூலையில் ஒட்டி வைத்துவிடாதே, பேஸ், அந்தக் கனத்த சத்தம், குமுறும். காது உயரத்துக்கு வை. கனெக்ஷன் கொடுக்கும்போது இரண்டு பாக்ஸுக்கும் சிவப்பு சிவப்பிலும் கறுப்பு கறுப்பிலும் போகிறதா என்று பார். ஒன்றில் மட்டும் மாறினால் பேஸே காணாமல் போய்விடும், நீ பாக்ஸ் கெட்டுவிட்டது என்று எனக்குப் போன் போடுவாய்.

அன்புடன்,
அப்பா